ராத்திரில ஊரைப் படம் எடுக்குறது: சொதப்பி சொதப்பி நான் கத்துக்கிட்ட முழுமையான வழிகாட்டி

நைட் போட்டோகிராஃபின்னு பேரு இருக்கேன்னு நம்பி நல்லா இருட்டினதுக்கு அப்புறம் கேமராவைத் தூக்கிட்டுப் போனீங்கன்னா பாதி ஆட்டம் முடிஞ்சிருக்கும். நான் அப்படித்தான் ரொம்ப நாள் போயிட்டிருந்தேன். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஒன்பதரை மணிக்கு மேல ஒரு பாலத்துல போய் நின்னு, ஆட்டோ மோட்ல போட்டு எடுத்தா வந்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், வானம் கருப்பாவும் இல்லாம நீலமாவும் இல்லாம ஒரு அழுக்குப் பழுப்பு, ஸ்ட்ரீட் லைட்டெல்லாம் வெள்ளை வெள்ளையா திட்டு, கட்டடமெல்லாம் புகைக்குள்ள நிக்கிற மாதிரி. கேமரா பழசுன்னு கொஞ்ச நாள் அதைத் திட்டினேன், அப்புறம் லென்ஸைத் திட்டினேன்.

ரெண்டு மேலயும் தப்பில்ல. இருட்டை எடுக்க இப்ப இருக்குற எந்த கேமராவுக்கும் தெரியும், ஷட்டரைத் தேவையான அளவு திறந்து வச்சா போதும். தலைவலி குடுக்குறது அந்த இருட்டுக்குள்ள எரியுற பல்புங்கதான். பல்புக்கும் பக்கத்துல இருக்குற சுவருக்கும் நடுவுல இருக்குற வெளிச்ச வித்தியாசம் எந்த சென்சாராலயும் ஒரே படத்துல முழுசா பிடிக்க முடியாத அளவு பெருசு. கீழ சொல்லப்போற பாதி விஷயம் அந்த வித்தியாசத்தைக் குறைக்குறதுக்கும், குறைக்க முடியாதப்ப எதை விட்டுக்குடுக்கலாம்னு முடிவு பண்றதுக்கும்தான்.

முதல் ஸ்டெப்: எந்த நேரத்துக்குப் போறது

சூரியன் அடிவானத்துக்குக் கீழ சுமார் 4 டிகிரியில இருந்து 8 டிகிரி வரைக்கும் இருக்குற நேரத்தை ப்ளூ ஹவர்ம்பாங்க. பேர்ல ஹவர் இருக்கே தவிர ஒரு மணி நேரமெல்லாம் கிடைக்காது. பூமி சுத்துறதால சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, அதாவது ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்குற ஊர்கள்ல சூரியன் கிட்டத்தட்ட நேரா கீழ இறங்கும், அதனால 4 டிகிரியைத் தாண்ட 16 நிமிஷம், அவ்வளவுதான், சூரியன் மறைஞ்சு ஒரு கால் மணி நேரத்துல ஆரம்பிச்சு அரை மணிக்குள்ள முடிஞ்சிடும். வடக்கேயோ தெக்கேயோ தள்ளிப் போகப் போக சூரியன் சாய்வா இறங்கும், நேரம் கூடிக்கிட்டே போகும்.

அந்த நேரத்துல வானம் அப்படி நீலமா இருக்குறதுக்குப் பெரிய காரணம் ஓசோன். அவ்வளவு கீழ இருந்து வர்ற வெளிச்சம் ஓசோன் படலத்துக்குள்ள ரொம்ப தூரம் பயணம் பண்ண வேண்டியிருக்கு, வழியில மஞ்சளையும் ஆரஞ்சையும் ஓசோன் உறிஞ்சிடுது, மிச்சம் நீலம். நமக்கு அதை விட முக்கியமானது என்னன்னா அந்த நேரத்துல வானத்தோட வெளிச்சமும் ஜன்னல் லைட்டோட வெளிச்சமும் கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். பல்பு வெடிக்காது, அதாவது படத்துல வெறும் வெள்ளைத் திட்டா ஆகாது, கட்டடத்தோட விளிம்பு வானத்துல தனியா தெரியும், எந்த சாஃப்ட்வேரும் தேவையில்ல.

அதனால சூரியன் மறையுறதுக்கு அரை மணி முன்னாடியே இடத்துல இருங்க. வெளிச்சம் இருக்கும்போதே ஃப்ரேம் வச்சு, ட்ரைபாட் காலை இறுக்கிட்டு, அப்புறம் அதைத் தொடாம ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டே இருங்க. எது நல்லா வரும்னு அங்க நிக்கும்போது தெரியாது, எனக்கு இன்னும் தெரியல. ஒரு கணக்கு மட்டும் கையில இருக்கு. லென்ஸோட துவாரத்தை (அப்பர்ச்சர்) எஃப் 8, சென்சாரோட உணர்திறனை (ஐஎஸ்ஓ) 100 வச்சா ஷட்டர் ஒரு செகண்ட்ல இருந்து பத்து செகண்ட் வரைக்கும் நீண்டுக்கிட்டே போற அந்த இடைவெளியிலதான் நான் கடைசியில வச்சுக்குற படங்கள் பெரும்பாலும் இருக்கும்.

இன்னொண்ணு, ஆபீஸ் கட்டடங்களை எடுக்குறதா இருந்தா வேலை நாள்ல போங்க. ஞாயித்துக்கிழமை போய் நின்னு பார்த்தா நாப்பது மாடியில ஆறு ஜன்னல் எரியும். விடியக்காலை ப்ளூ ஹவரும் அழகுதான், ரோடு காலியா இருக்கும், காத்து தெளிவா இருக்கும், ஆனா ஜன்னலெல்லாம் தூங்கிக்கிட்டிருக்கும், அதோட நாமளும் எந்திரிக்கணுமே.

பைக்குள்ள என்ன இருக்கணும்

கேமராவுல மேனுவல் மோட் இருந்தா போதும். ட்ரைபாட் வச்சு எஃப் 8ல எடுக்கும்போது கூட வந்த கிட் லென்ஸே நல்லா ஷார்ப்பா எடுக்கும், விலை உயர்ந்த லென்ஸுக்கும் அதுக்கும் வித்தியாசம் தேடித்தான் பார்க்கணும். காசு போடணும்னா ட்ரைபாட்ல போடுங்க. பெருசா பாரமா வாங்கி வீட்டுலயே வச்சிட்டுப் போறதுக்கு நடுத்தரமா ஒண்ணு வாங்கி தினமும் தூக்கிட்டுப் போறது மேல். கால்ல தடிமனா இருக்குற மேல் பகுதியை முதல்ல இழுங்க, ஒல்லிக் கால் கடைசியில, நடுத்தண்டை மேல தூக்கவே தூக்காதீங்க, அதைத் தூக்கினா அது ஒத்தைக் கால் ஸ்டாண்டு மாதிரி ஆடும். நடுவுல பையைத் தொங்கவிடச் சொல்வாங்க, பை தரையைத் தொட்டுக்கிட்டு இருந்தா சரி, காத்துல ஊஞ்சல் ஆடினா ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டும்.

கேமராவை ட்ரைபாட்ல மாட்டுற அந்தச் சின்ன பிளேட் இருக்கே, அதைப் பத்தித் தனியாச் சொல்லணும். ஒரு நாள் ரெண்டு பஸ் மாறி, மூணு கிலோ தூக்கிட்டு, மழை விட்டு வானம் கழுவி விட்ட மாதிரி இருந்த சாயங்காலத்துல போய் ட்ரைபாடை விரிச்சு வச்சா பிளேட் இல்ல. வீட்டு மேஜை மேல இருக்கு, பகல்ல வேற எதுக்கோ கழட்டினேன். கைப்பிடிச் சுவர் மேல கேமராவை வச்சு லென்ஸுக்குக் கீழ பர்ஸை முட்டுக் குடுத்து எடுத்தேன். படம் வந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் பிளேட் கேமராவை விட்டுக் கீழ இறங்கினதே இல்ல.

ஒரு ஸ்பேர் பேட்டரி, ஒரு சின்ன டார்ச், லென்ஸ் துடைக்குற துணி. லென்ஸ் முன்னாடி யூவி ஃபில்டர் போட்டிருந்தா கழட்டிடுங்க. வானத்துல எங்கயோ பச்சையா சின்னச் சின்னப் புள்ளி வருதேன்னு நான் ரொம்ப நாள் குழம்பினேன், பெருசு பண்ணிப் பார்த்தா அது ரோட்டுல இருக்குற அதே விளக்கு வரிசை, தலைகீழா. சென்சார்ல பட்ட வெளிச்சம் திரும்பி ஃபில்டர் கண்ணாடியில மோதி மறுபடி உள்ள வருது. கழட்டின உடனே போச்சு.

ஏசி ரூம்ல இருந்து நேரா ஈரக் காத்துல வெளிய எடுத்தா லென்ஸ் மேல பனி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கேமராவைப் பைக்குள்ள மூடியே வச்சு ஒரு இருபது முப்பது நிமிஷம் வெளிய இருக்க விடுங்க, தானா சரியாகும்.

செட்டிங்ஸ், ஒவ்வொண்ணா

ரா ஃபைல்ல (சென்சார் பிடிச்சதை அப்படியே சேமிக்குறது) எடுங்க. ஜேபெக்ல எடுத்தா கலரைப் பின்னாடி திருத்துறது கஷ்டம், ராத்திரியில கலர்தான் பெரிய சண்டையே.

மோட் மேனுவல். ஐஎஸ்ஓ 100, இல்லைன்னா உங்க கேமராவோட குறைஞ்ச நம்பர். ட்ரைபாட் இருக்கும்போது ஐஎஸ்ஓவை ஏத்த எந்தக் காரணமும் இல்ல. அப்பர்ச்சர் எஃப் 8ல ஆரம்பிங்க. விளக்குங்க நட்சத்திரம் மாதிரி கூரா வரணும்னா எஃப் 11, 13 வரைக்கும் போலாம் (நம்பர் கூடக் கூட துவாரம் சின்னதாகும்), எஃப் 16 தாண்டினா டிஃப்ராக்‌ஷனால (சின்ன துவாரத்துல நுழையுற வெளிச்சம் சிதறுறது) மொத்தப் படமும் லேசா மங்கும். அந்த நட்சத்திரத்துக்கு எத்தனை கூர் வரும்ங்குறது லென்ஸுக்குள்ள துவாரத்தைச் சுத்தி இருக்குற பிளேடைப் பொறுத்தது, பிளேடு இரட்டைப்படையா இருந்தா அதே எண்ணிக்கை, ஒற்றைப்படையா இருந்தா ரெட்டிப்பு. 8 பிளேடுக்கு 8 கூர், 7 பிளேடுக்கு 14, 9க்கு 18. யாரோட படத்தையாவது பார்க்கும்போது கூரை எண்ணி அவர் லென்ஸுல எத்தனை பிளேடுன்னு கண்டுபிடிக்குறது எனக்கு ஒரு கெட்ட பழக்கமாவே ஆயிடுச்சு.

லென்ஸுலயோ பாடியிலயோ ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரிக்கட்டுறது) இருந்தா ட்ரைபாட்ல வச்சதும் ஆஃப் பண்ணுங்க. புதுசா வர்றதுல சிலது ட்ரைபாட்னு தானே புரிஞ்சுக்கும், பழசு இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவா ஆடும். டைமர் 2 செகண்ட், கை பட்ட அதிர்வு அடங்கத்தான். டிஎஸ்எல்ஆரா (உள்ள கண்ணாடி வச்ச கேமரா) இருந்தா மிரர் லாக்கும் போடுங்க, கண்ணாடி எழும்புற அதிர்வு படத்துல வராது.

லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்னு மெனுவுல ஒண்ணு இருக்கும். அது ஆன்ல இருந்தா 30 செகண்ட் படம் எடுத்ததுக்கு அப்புறம் ஷட்டரை மூடிக்கிட்டு இன்னொரு 30 செகண்ட் வெறும் இருட்டை எடுத்து அதுல வர்ற புள்ளிகளை முதல் படத்துல இருந்து கழிக்கும். நல்ல விஷயம்தான், ஆனா ப்ளூ ஹவர்ல பாதி நேரத்தைத் தின்னுடும், நான் ஆஃப்லதான் வச்சிருக்கேன். முதல் தடவை இது தெரியாம கேமரா ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு பேட்டரியைக் கழட்டினேன்.

ஃபோகஸுக்கு லைவ் வ்யூ (லென்ஸ் பார்க்குறதை ஸ்கிரீன்லயே காட்டுறது) போட்டு, தூரத்துல இருக்குற ஒரு போர்டு எழுத்தையோ ஒத்தை விளக்கையோ பத்து மடங்கு ஜூம் பண்ணி, ரிங்கை மெதுவா திருப்புங்க. விளக்கு பெருசா இருந்து சின்னதாகி மறுபடி பெருசாகும், அந்தச் சின்னப் புள்ளி நேரத்துல நிறுத்தணும். லென்ஸுல முடிவிலிக்குன்னு படுத்த எட்டு குறி போட்டிருக்கேன்னு அதுல கொண்டு போய் நிறுத்தினா பெரும்பாலும் தப்பாத்தான் இருக்கும். சரியா வந்ததும் மேனுவல் ஃபோகஸ்லயே விட்டுடுங்க.

இனி ஷட்டர். ஆட்டோவுல ராத்திரிப் படம் ஏன் அழுக்கா வருதுன்னா, கேமராவோட மீட்டர் எதைப் பார்த்தாலும் மொத்தத்தையும் ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டு வரணும்னு நினைக்கும். கருப்பு வானத்தையும் சாம்பலாக்கும். அதனால மீட்டர் சொல்றதுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு ஸ்டாப் குறைச்சு எடுங்க (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதியாகும்). எடுத்துட்டு கேமரா ஸ்கிரீனை நம்பாதீங்க, சுத்தி இருட்டா இருக்குறப்ப அந்தக் குட்டி ஸ்கிரீன் டியூப்லைட் மாதிரி எரியும், மங்கலான படம் கூட சூப்பரா தெரியும், வீட்டுக்கு வந்தா கரி. ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு ஹிஸ்டோகிராமை (படத்துல இருட்டும் வெளிச்சமும் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம்) பாருங்க, வெடிச்ச இடம் மினுக்குற வார்னிங்கை ஆன் பண்ணுங்க. தெருவிளக்கு பல்பு மினுக்கினா போகட்டும், அதை யாராலயும் காப்பாத்த முடியாது. கடைப் பலகையோட எழுத்து, ஜன்னலுக்கு உள்ள இருக்குற ரூம், விளக்கைச் சுத்தி இருக்குற சுவர், இதெல்லாம் மினுக்கினா ஷட்டரைக் குறைங்க. இருண்ட மூலை இருண்டே இருக்கட்டும், ராத்திரிதானே.

நேரம் மிச்சம் பிடிக்க ஒரு தந்திரம். நல்லா இருட்டின அப்புறம் ஒவ்வொரு தடவையும் 30 செகண்ட் காத்திருந்து ஃப்ரேம் கோணலா இருக்குன்னு தெரிஞ்சுக்குறது கொடுமை. ஐஎஸ்ஓவை 6400க்கு ஏத்தி அரை செகண்ட்ல ஒரு டெஸ்ட் எடுங்க. 100ல இருந்து 6400 ஆறு ஸ்டாப், 64 மடங்கு, அதனால அரை செகண்ட்ல கிடைச்ச வெளிச்சம் ஐஎஸ்ஓ 100ல 32 செகண்டுக்கு சமம். ஃப்ரேமும் எக்ஸ்போஷரும் சரியான அப்புறம் ஐஎஸ்ஓவை இறக்கி நிஜப் படம் ஒண்ணு. டெஸ்ட் முடிஞ்சதும் இறக்க மறந்துடாதீங்க, ஒரு ராத்திரி முழுக்க நான் 6400லயே எடுத்துட்டு வந்திருக்கேன்.

வண்டி வெளிச்சக் கோடு

எல்லாரும் முதல்ல எடுக்க ஆசைப்படுறது இதுதான், சிவப்பும் வெள்ளையுமா ரோட்டுல கோடு ஓடுமே. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி செகண்டுக்கு 10 மீட்டர் போகும். உங்க ஃப்ரேம்ல தெரியுற ரோடு 150 மீட்டர்னா 15 செகண்ட் ஷட்டர் திறந்திருந்தாத்தான் கோடு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் அறுபடாம வரும். குறைஞ்சா கோடு நடு ரோட்டுல தொங்கும். வெளிச்சம் அதிகமா இருந்து 15 செகண்ட் வைக்க முடியலைன்னா எஃப் 11க்குப் போங்க, இல்ல மூணு ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்குற கருப்புக் கண்ணாடி) போடுங்க.

சிக்னல் பச்சை விழுந்ததும் அழுத்தாதீங்க, முதல் வண்டி ஃப்ரேமுக்குள்ள வர்றதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி ஷட்டர் திறந்தா போதும், 2 செகண்ட் டைமரைக் கணக்குல வச்சு அழுத்தணும், கையில ரிமோட் இருந்தா இந்தத் தொல்லை இல்ல. நின்னுக்கிட்டிருக்குற வண்டியோட ஹெட்லைட் ரொம்ப சீக்கிரம் வெடிக்கும், ஓடுறப்ப ஒண்ணும் ஆகாது. எனக்குப் பிடிச்சது பஸ். கார்க் கோடெல்லாம் தரையோட ஒட்டி ஓடும்போது பஸ் மட்டும் மேல உயரமா ஒரு பட்டை இழுத்துட்டுப் போகும், ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து ரிப்பன் மாதிரி. இண்டிகேட்டர் போட்ட வண்டி விட்டு விட்டு மஞ்சள் கோடு போடும். சில எல்இடி டெயில் லைட் கோடாவே வராது, புள்ளி புள்ளியா வரும், கண்ணுக்குத் தெரியாத வேகத்துல அது அணைஞ்சு எரியுறதால.

பாலத்து மேல நிக்கிறவங்க ஒண்ணு கவனிங்க. லாரி போகும்போது பாலமே லேசா குதிக்கும். நமக்குக் கால்ல தெரியும், அப்புறம் படத்துல ஒவ்வொரு விளக்கும் ரெட்டையா தெரியும். தூண் மேல நேரா வர்ற இடத்துல ட்ரைபாடை வச்சா ஆட்டம் குறைவு, ரெண்டு தூணுக்கு நடுவுலதான் அதிகம்.

இவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தா நடந்து போறவங்க படத்துல இருந்து காணாமப் போயிடுவாங்க, நின்னவங்க மட்டும் தங்குவாங்க. இது போட்டோகிராஃபி பிறந்தப்பவே நடந்த கதை. 1838ல போட்டோகிராஃபியைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான டாகுவேர் பாரிஸ்ல பூல்வார் து தாம்ப்ளங்குற ரோட்டை பட்டப்பகல்ல எடுத்தார், எக்ஸ்போஷர் நிமிஷக்கணக்குல, அவ்வளவு பரபரப்பான ரோட்டுல ஓடின வண்டி, நடந்த கூட்டம் எதுவும் பதியல, ஓரமா நின்னு தன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட வச்சுக்கிட்டிருந்த ஒருத்தர் மட்டும் பதிஞ்சுட்டார். கூட்டமான சதுக்கத்தைக் காலியா எடுக்க ஆசையா, 30 செகண்ட் போடுங்க. ஒருத்தர் மட்டும் தெளிவா வரணுமா, கூட வந்தவரை அசையாம நிக்கச் சொல்லுங்க.

ட்ரைபாட் இல்லாம, தெருவுக்குள்ள

இது வேற விளையாட்டு, மேல சொன்ன செட்டிங்க்ஸ் எல்லாத்தையும் மறந்துடுங்க. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) ஒண்ணு, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ ஆட்டோல போட்டு உச்சவரம்பு 6400. நடக்குறவங்க ஆடாம வரணும்னா 1/125க்குக் கீழ இறங்காதீங்க, நின்னு பேசிக்கிட்டிருக்குறவங்களுக்கு 1/60 போதும். நாய்ஸுக்கு, அதாவது படத்துல வர்ற புள்ளிகளுக்கு, பயப்பட வேணாம், நாய்ஸ் இருக்குற படத்தைப் பார்க்கலாம், ஆடின படத்தை என்ன பண்றது.

ஆளைத் தேடி ஓடாதீங்க, நல்ல வெளிச்சம் இருக்குற இடத்தைப் பிடிச்சு நில்லுங்க. கடைக் கண்ணாடியோட வெளிச்சம் நடைபாதையில ஒரு கட்டமா விழும் பாருங்க, அந்தக் கட்டத்துக்குள்ள யாராவது காலை வைக்குற நேரம் முகத்துல ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் ஏறும், அடுத்த அடியில இருட்டுக்குப் போயிடும். அந்த ஒரு அடிதான் படம். நான் ஒரே இடத்துல முக்கால் மணி நேரம் நின்னிருக்கேன், அறுபது எடுத்து ரெண்டு தேறும்.

எல்இடி போர்டு இருக்குற இடத்துல படத்துல குறுக்கால கருப்புப் பட்டை வந்தா கேமரா ரிப்பேர் இல்ல. கரண்ட் 50 ஹெர்ட்ஸா இருக்குற நாட்டுல விளக்கு செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், 60 ஹெர்ட்ஸ் நாட்டுல 120. எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு வாங்க, 50 ஹெர்ட்ஸ்னா 1/50 இல்ல 1/100, 60 ஹெர்ட்ஸ்னா 1/60 இல்ல 1/120 வைங்க, பெரும்பாலும் போயிடும். பெரிய விளம்பரத் திரைங்க மட்டும் தனக்குன்னு ஒரு துடிப்பு வச்சிருக்கும், ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பார்க்க வேண்டியதுதான்.

மழை பெஞ்சா கிளம்புங்க, மழை விட்ட அடுத்த அரை மணி நேரத்துக்கு ஈடு எதுவும் இல்ல. காஞ்ச தார் ரோடு வெளிச்சத்தை விழுங்கிடும், நனைஞ்ச ரோடு திருப்பிக் குடுக்கும், சிவப்பு சிக்னல் ரோடு முழுக்க இழுபடும். தேங்கின தண்ணி உள்ளங்கை அளவு இருந்தாலே போதும், கேமராவைத் தலைகீழாத் திருப்பி லென்ஸ் தண்ணிக்கு ரெண்டு விரல் மேல இருக்குற மாதிரி பிடிங்க, நிமிர்ந்து பார்த்தப்ப குட்டையா தெரிஞ்சது அங்க ஏரியாயிடும், எதிர்த்த கட்டடம் முழுசா அதுக்குள்ள நிக்கும். முட்டி நனையும்.

போன்ல எடுக்குறவங்களுக்கு

முதல் வேலை லென்ஸைத் துடைக்குறது. விளக்குல இருந்து கோடு கோடா வெளிச்சம் நீண்டா அது விரல் எண்ணெய். நைட் மோட் ஒரே படம் எடுக்குறது இல்ல, பல படம் எடுத்து ஒண்ணாச் சேர்க்குது, 16 படத்தைச் சராசரி எடுத்தா நாய்ஸ் நாலுல ஒரு பங்கா குறையும், அந்தக் கணக்குதான். அதனால போன் அசையாம இருந்தா அது இன்னும் நீளமா, இன்னும் சுத்தமா எடுக்கும், சுவர்ல சாய்ச்சு வச்சு டைமர் போடுங்க. திரையைத் தொட்டு ஃபோகஸ் லாக் பண்ணிட்டு வெளிச்சத்தைக் கீழ இழுங்க, போன் எப்பவும் ராத்திரியைப் பகலாக்கத்தான் பார்க்கும். ஓட்டல் ரூம் ஜன்னல் வழியா எடுக்குறதா இருந்தா ரூம் லைட்டை அணைச்சு போனைக் கண்ணாடியோட ஒட்ட வைங்க, கருப்புச் சட்டையால சுத்தி மறைங்க.

நிலாவைக் கட்டடத்தோட சேர்க்க

நிலா நல்ல வெயில்ல கிடக்குற பாறை, மேல ஏறின முழு நிலாவுக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/100 செகண்ட் போதும். ஊருக்கு வேண்டியது பத்து செகண்ட். ரெண்டும் ஒரே படத்துல ஒத்துப்போகவே போகாது, நிலா ஓட்டை போட்ட மாதிரி வெள்ளையா வரும். பௌர்ணமி அன்னைக்கு சூரியன் மறையுற நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும், தினமும் சராசரியா 50 நிமிஷம் தள்ளிப் போகும். அதனால பௌர்ணமியும் முந்தின நாளும் மட்டும்தான் வானத்துல வெளிச்சம் இருக்கும்போதே நிலா கீழ கிடைக்கும், அந்த ரெண்டு சாயங்காலத்தை விடாதீங்க.

நிலா பெருசா தெரியணும்னா தள்ளிப் போகணும். அரை டிகிரிதான் அதோட அளவு, 10 மீட்டர் அகலக் கோபுரம் நிலா அகலத்துக்குச் சரியாத் தெரிய சுமார் 1.1 கிலோமீட்டர் தள்ளி நிக்கணும். 200 எம்எம் லென்ஸுல கூட நிலா சென்சார் மேல 2 மில்லிமீட்டர் கூட இருக்காது, லென்ஸ் நீளமா இருந்தா நல்லது.

ஆளுங்க, வாட்ச்மேன், பத்திரம்

ட்ரைபாடை விரிச்ச அஞ்சாவது நிமிஷம் யாராவது வருவாங்க. "என்ன தம்பி, ரோடு அகலப்படுத்தப் போறாங்களா? சர்வேயா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார், இல்லைங்க சும்மா படம்னு சொல்லிக் காமிச்சேன், பத்து நிமிஷம் கூடவே நின்னு எந்த மாடியில லைட் எப்ப எரியும்னு எல்லாம் சொன்னார். வாட்ச்மேன் வந்தா வாக்குவாதம் பண்ணாதீங்க, நீங்களே முதல்ல வணக்கம் சொல்லி ஸ்கிரீனைக் காட்டுங்க, அப்பவும் வேணாம்னா பத்தடி தள்ளி வைங்க. வண்டி ஓடுற ரோட்டுல ட்ரைபாடை இறக்காதீங்க. ஒரு காதுல கூட ஹெட்போன் வேணாம், கண்ணு ஸ்கிரீன்ல இருக்கும்போது காதுதான் காவல். புது இடத்துக்குப் பகல்ல ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு, ராத்திரிக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க.

படத்தை விக்குற எண்ணம் இருந்தா விசாரிச்சுக்குங்க. ஈஃபில் டவரைப் பகல்ல எடுத்து என்ன வேணா பண்ணலாம், ராத்திரி லைட் அலங்காரத்துக்கு மட்டும் காப்புரிமை இருக்கு, வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்கணும்.

வீட்டுக்கு வந்து எடிட்டிங்

முதல்ல ஒயிட் பேலன்ஸ், அதாவது படத்தோட மொத்தக் கலர் சாயல். 3200ல இருந்து 4000 கெல்வின் வரைக்கும் நகர்த்திப் பாருங்க, வானம் நீலத்துக்குத் திரும்புற இடத்துல நிறுத்துங்க. ஆரஞ்சா எரியுற பழைய சோடியம் விளக்குல ரெண்டு வகை. ஹை பிரஷர் வகை சுமார் 2000 கெல்வின், ஓரளவு சரி பண்ணலாம். லோ பிரஷர் வகை கிட்டத்தட்ட ஒரே அலைநீளம், 589 நானோமீட்டர், அதுக்குக் கீழ சிவப்புச் சட்டைக்கும் பச்சைச் சட்டைக்கும் வித்தியாசமே பதியாது, எவ்வளவு இழுத்தாலும் கலர் வராது. கருப்பு வெள்ளை ஆக்கிடுங்க, நல்லாவே இருக்கும்.

ஹைலைட்டை (வெளிச்சமான இடம்) குறைங்க, ஷேடோவை (இருண்ட இடம்) தூக்குறதுல கஞ்சத்தனம் காட்டுங்க. இங்கதான் நிறைய பேரு கெடுக்குறாங்க, ஒவ்வொரு சந்தும் மூலையும் தெரியணும்னு தூக்கித் தூக்கி கடைசியில அந்தப் படம் ராத்திரியும் இல்லாம பகலும் இல்லாம பிளாஸ்டிக் பொம்மை ஊர் மாதிரி நிக்கும். மூணு எக்ஸ்போஷர் சேர்த்து எச்டிஆர் பண்ணினாலும் இதே எச்சரிக்கைதான். கட்டடம் பின்னாடி சாய்ஞ்சு விழுற மாதிரி இருந்தா வெர்டிகலை (செங்குத்துக் கோடு) நிமித்துங்க, முழுசா நிமித்தாம துளி விட்டுடுங்க, முழுசா நிமித்தினா மேல் மாடி பெருத்த மாதிரி தெரியும்.

தூங்குறதுக்கு முன்னாடி கடைசி ஸ்டெப்

எவ்வளவு களைப்பா இருந்தாலும் செட்டிங்கைப் பழையபடி மாத்தி வைங்க. ஐஎஸ்ஓ ஆட்டோ, ஆட்டோ ஃபோகஸ் ஆன், ஸ்டெபிலைசேஷன் ஆன், டைமர் ஆஃப், பேட்டரி சார்ஜ்ல. நான் ஒரு ராத்திரி இதைச் செய்யாம அப்படியே படுத்துட்டேன். மறுநாள் காலைல அக்கா பொண்ணு யாரும் பிடிக்காம முதல் தடவையா சைக்கிள் ஓட்டினா, "மாமா எடு, மாமா எடு"ன்னு கத்திக்கிட்டே என் முன்னாடி போனா, நானும் ஓடிப்போய் கேமராவை எடுத்துக் கரெக்டா அழுத்தினேன். டைமர் பீப் பீப்னு ரெண்டு செகண்ட் எண்ணிட்டு கிளிக் ஆச்சு. படத்தோட ஓரத்துல பின் சக்கரம் பாதி இருக்கு, அதுவும் மங்கலா. எதிர்த்தாப்புல தூரத்துல இருந்த மாடி வீடு மட்டும் ஒவ்வொரு செங்கல்லும் எண்ணுற மாதிரி அவ்வளவு ஷார்ப்.